கிராஃபிக்ஸ் கார்டு ரைசருக்கு எந்த பவர் கனெக்டர்? 'மாட்ட முடியுது' என்றால் மட்டும் போதாது பாஸ்!

வரிசையாக ஆறு கிராஃபிக்ஸ் கார்டு, ஒரு திறந்த ஃப்ரேம், ராத்திரி பகலாகச் சுற்றும் ஃபேன்கள்... மைனிங் ரிக் என்றதும் நினைவுக்கு வருவது இதுதான். 2022 செப்டம்பர் 15-ம் தேதி எத்தீரியம் 'ப்ரூஃப் ஆஃப் ஸ்டேக்' முறைக்கு மாறியபோது, கிராஃபிக்ஸ் கார்டு வைத்து அதை மைன் பண்ணும் வேலை ஒரே நாளில் முடிந்துபோனது. ஆனால், ரிக்குகள் எங்கேயும் போய்விடவில்லை. சிலர் வேறு காயின்களுக்கு மாறினார்கள். சிலர் வீடியோ ரெண்டரிங் செய்யவும், வீட்டிலேயே ஏ.ஐ மாடல்களை ஓட்டிப் பார்க்கவும் அதே ஃப்ரேமையும் ரைசரையும் செகண்ட் ஹேண்டில் வாங்குகிறார்கள்.

கார்டு வாங்கும்போது ஃபேன் சத்தம் வரைக்கும் செக் பண்ணுவோம். ஆனால், ரைசரோடு இலவசமாக வரும் அந்தக் குட்டி பவர் ஒயரை யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. ரிக்கில் பெரும்பாலும் முதலில் உருகுவது அதுதான். அதுவும் நீங்க தூங்கிக்கொண்டிருக்கும்போதும் ஓடுகிற மெஷின் இது. அதனால் கொஞ்சம் விவரமாகவே பார்த்துவிடலாம்.

ரைசர் என்ன பண்ணுது?

மதர்போர்டில் பெரிய பிசிஐஇ ஸ்லாட் ஒன்றோ இரண்டோதான் இருக்கும். மீதியெல்லாம் குட்டி ஸ்லாட். அந்தக் குட்டி ஸ்லாட்டில் ஒரு சின்ன போர்டைச் செருகி, அங்கிருந்து யுஎஸ்பி 3.0 கேபிள் மூலம் இன்னொரு போர்டுக்கு இணைப்பு கொடுத்து, அதன்மேல் கார்டை உட்கார வைப்பதுதான் ரைசர்.

இங்கே யுஎஸ்பி கேபிள் டேட்டாவை மட்டும்தான் கொண்டுபோகும். வழக்கமாக மதர்போர்டு ஸ்லாட்டிலிருந்து கார்டுக்குப் போகும் பவரை, இங்கே ரைசரில் இருக்கும் தனி பவர் கனெக்டர்தான் கொடுக்க வேண்டும். அதில் மாட்டுவதற்கு மூன்று வகை இருக்கிறது: சாட்டா, மோலெக்ஸ், 6 பின். சில ரைசர்களில் ஒன்றுக்கு மேற்பட்ட சாக்கெட்டும் இருக்கும். எதில் மாட்டினாலும் கார்டு ஆன் ஆகும். சிக்கலே அதுதான்.

கணக்கு இதுதான்

பிசிஐஇ விதிப்படி ஒரு பெரிய ஸ்லாட்டிலிருந்து கார்டு 75 வாட் வரை இழுக்கலாம். அதில் 66 வாட், அதாவது 5.5 ஆம்பியர், 12 வோல்ட் லைனிலிருந்து போகிறது.

இப்போ சாட்டாவைப் பாருங்க. 15 பின்களில் 12 வோல்ட்டுக்கு ஒதுக்கியது மூன்று பின். ஒரு பின் தாங்குவது 1.5 ஆம்பியர். மூன்றும் சேர்ந்தால் 4.5 ஆம்பியர், அதாவது 54 வாட். ஹார்டு டிஸ்க்குக்காக உருவான கனெக்டர் இது. அந்த வேலைக்கு இதுவே தாராளம். ஆனால், கார்டு 66 வாட் கேட்டால்? கனெக்டர் 'முடியாது' என்று சொல்லாது. கொடுத்துக்கொண்டே இருக்கும், சூடாகிக்கொண்டே இருக்கும்.

எம்சிபி டிரிப் ஆகிடாதா?

ஆகாது. 66 வாட் என்பது நம்ம வீட்டு 230 வோல்ட் லைனில் 0.3 ஆம்பியர்கூட இல்லை. எம்சிபிக்கு அது ஒரு பொருட்டே கிடையாது. எஸ்எம்பிஎஸ்ஸும் அப்படித்தான். 12 வோல்ட்டில் பல பத்து ஆம்பியர் கொடுக்கிற பெரிய எஸ்எம்பிஎஸ்ஸுக்கு, ஒரு ஒயரில் 6 ஆம்பியர் போவது சாதாரண விஷயம். ஷார்ட் சர்க்யூட் ஆனால்தான் அது ஆஃப் ஆகும். அதற்குள் பிளாஸ்டிக் உருகியிருக்கும்.

சூடு ஏறும் விதத்தையும் தெரிஞ்சுக்கோங்க. கரன்ட் இரண்டு மடங்கானால், அதே பின்னில் உண்டாகும் சூடு நான்கு மடங்காகும். சூட்டில் பின்னின் பிடிமானம் தளரும். பிடி தளர்ந்தால் ரெசிஸ்டன்ஸ் கூடும். ரெசிஸ்டன்ஸ் கூடினால் இன்னும் சூடு. இந்தச் சுழற்சி மாதக்கணக்கில் மெதுவாக நடந்து, ஒருநாள் திடீரென்று வேகமெடுக்கும்.

'எனக்கு சாட்டாவிலேயே நல்லாத்தானே ஓடுது?'

ஓடும்தான். பெரிய கார்டுகள் பலவும் தங்களுக்கு வேண்டிய பவரில் பெரும்பகுதியை, கார்டிலேயே இருக்கும் 8 பின் சாக்கெட்டிலிருந்து எடுத்துக்கொள்ளும். ஸ்லாட்டிலிருந்து எடுப்பது குறைவு. அதனால் சாட்டா தப்பித்துக்கொள்கிறது.

ஆனால், எல்லாக் கார்டும் அப்படியில்லை. ஜிடிஎக்ஸ் 1050 டிஐ கார்டின் பெரும்பாலான மாடல்களில் தனி பவர் சாக்கெட்டே கிடையாது. 75 வாட்டையும் ஸ்லாட் வழியாகவே எடுக்கும். அதாவது, சின்ன கார்டுதானே என்று நாம் அலட்சியமாக நினைப்பதுதான் ரைசரை அதிகம் சோதிக்கிறது. 2016-ல் வெளியான ஏஎம்டி ஆர்எக்ஸ் 480 கார்டு, ஸ்லாட்டிலிருந்து 75 வாட்டுக்கும் மேலே இழுப்பதை ரிவ்யூ செய்தவர்கள் கண்டுபிடித்தார்கள். அடுத்த மாதமே ஏஎம்டி புது டிரைவர் வெளியிட்டு அதைச் சரிசெய்ய வேண்டியிருந்தது. பழைய கார்டு வாங்குபவர்கள் இதை மனதில் வையுங்க.

அப்போ எதை மாட்டுறது?

முதல் சாய்ஸ், 6 பின்: இதற்கு அதிகாரப்பூர்வமாகச் சொல்லப்பட்ட அளவே 75 வாட்தான். ஸ்லாட்டின் உச்சபட்ச தேவையும் அதேதான். கணக்கு நேராகப் பொருந்துகிறது. எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து நேரடியாக வரும் 6+2 பின் கேபிளில், அந்த 2 பின்னைத் தனியே விட்டுவிட்டு 6 பின்னை மட்டும் மாட்டலாம். புதிதாக ரைசர் வாங்குவதென்றால், 6 பின் சாக்கெட் இருப்பதாகப் பார்த்து வாங்குங்க.

இரண்டாவது சாய்ஸ், மோலெக்ஸ்: பழைய 4 பின் கனெக்டர். 12 வோல்ட்டுக்கு ஒரே பின்தான் என்றாலும் தடிமனானது. நல்ல தரமானதாக இருந்தால் 10 ஆம்பியர் வரை தாங்கும். ஆனால், பல தடவை கழற்றி மாட்டியதில் பின் லூஸாகிப்போன மோலெக்ஸ் வேண்டாம். மாட்டிய பிறகு லேசாக இழுத்துப் பாருங்க. கையோடு வந்துவிட்டால், அதை ஒதுக்கிவிடுங்க.

தவிர்க்க வேண்டியது, சாட்டா: குறிப்பாக, ரைசர் பெட்டிக்குள்ளேயே வரும் 'சாட்டா டூ 6 பின்' அடாப்டர். ரைசர் பக்கம் 6 பின் இருப்பதால் பார்க்கப் பாதுகாப்பாகத் தெரியும். ஆனால், மறுமுனையில் இருப்பது அதே 54 வாட் சாட்டா. சங்கிலியின் பலம் அதன் பலவீனமான கண்ணியில்தானே இருக்கிறது?

அடாப்டர்களில் இன்னொரு ஆபத்தும் உண்டு. ஒயர்களை வைத்து மேலே பிளாஸ்டிக்கை உருக்கி ஊற்றிச் செய்யும் 'மோல்டட்' வகையில், உள்ளே ஒயர்கள் நெருங்கிவந்து ஷார்ட் ஆக வாய்ப்பிருக்கிறது. வெளியே இருந்து பார்த்தால் எதுவும் தெரியாது.

ஒரு கேபிளில் எத்தனை ரைசர்?

கனெக்டர் சரியாக இருந்தாலும் பலர் கோட்டை விடுவது இங்கேதான். ஒரே கேபிளில் மூன்று, நான்கு மோலெக்ஸ் தொங்குவதைப் பார்த்ததும், அத்தனையிலும் ரைசரை மாட்டிவிடுவார்கள். ஆனால், எல்லாமே எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து வரும் ஒரே 12 வோல்ட் ஒயரைத்தான் பங்குபோட்டுக்கொள்கின்றன. மூன்று ரைசர் முழுசாக இழுத்தால் 198 வாட், அதாவது ஒரே ஒயரில் 16.5 ஆம்பியர்!

ஒரு கேபிளுக்கு ஒரு ரைசர் என்பது நிம்மதி. அதிகபட்சம் இரண்டு. ஒயரின் மேல் அச்சிட்டிருக்கும் கேஜ் எண்ணையும் பாருங்க. இதில் எண் குறையக் குறைய ஒயர் தடிமன். 18 என்று இருந்தால் ஓகே. 22, 24 என்று மெலிந்துகொண்டே போனால் ரைசருக்கு வேண்டாம்.

இதையெல்லாம் பண்ணிடாதீங்க

* வேறு எஸ்எம்பிஎஸ்ஸோட மாடுலர் கேபிளை எடுத்து மாட்டாதீங்க. கார்டு பக்கம் ஒரே மாதிரி இருக்கும். எஸ்எம்பிஎஸ் பக்கம் பின் வரிசை கம்பெனிக்குக் கம்பெனி மாறும். 12 வோல்ட் தவறான பின்னில் போனால் கார்டு காலி.
* இரண்டு எஸ்எம்பிஎஸ் வைத்த ரிக்கில், ஒரு கார்டுக்கும் அதன் ரைசருக்கும் ஒரே எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்தே பவர் கொடுங்க.
* சிபியு-வுக்கான 8 பின்னும், கிராஃபிக்ஸ் கார்டுக்கான 8 பின்னும் ஒன்றல்ல. பிளஸ், மைனஸ் இடம் மாறியிருக்கும். நுழையவில்லை என்றால் அழுத்தி நுழைக்காதீங்க.
* ரைசரின் யுஎஸ்பி கேபிளைக் கம்ப்யூட்டரின் சாதாரண யுஎஸ்பி போர்ட்டில் மாட்டாதீங்க. கேபிள் ஒன்றுதான், உள்ளே நடப்பது வேறு.
* கனெக்டரை 'க்ளிக்' சத்தம் வரும்வரை முழுசா அழுத்துங்க. 2022-ல் ஆர்டிஎக்ஸ் 4090 வந்த புதிதில் அதன் பவர் கனெக்டர்கள் உருகியதற்கு, முழுசாக உள்ளே போகாததும் ஒரு முக்கியக் காரணமாகச் சொல்லப்பட்டது.

வாரம் ஒரு தடவை, ஐந்தே நிமிஷம்

ரிக் சில மணி நேரம் ஓடிய பிறகு ஆஃப் பண்ணுங்க. பிளக்கையும் பிடுங்கிவிட்டு, ஒவ்வொரு கனெக்டரையும் விரல் நுனியால் லேசாகத் தொட்டுப் பாருங்க. மற்றதைவிட ஒன்று மட்டும் அதிகச் சூடாக இருந்தால், அது லூஸ் கனெக்‌ஷனாக இருக்கலாம். வெள்ளை பிளாஸ்டிக் பழுப்பாக மாறியிருந்தாலோ, பின் கறுத்திருந்தாலோ துடைத்துவிட்டு மறுபடி மாட்டாதீங்க. தூக்கிப்போடுங்க. அடிக்கடி ஒரே கார்டு மட்டும் காணாமல் போய்த் திரும்ப வந்தால், சாஃப்ட்வேரைத் திட்டுவதற்கு முன்னால் அதன் ரைசர் ஒயரைப் பாருங்க.

ரிக்கைப் படுக்கையறையில், திரைச்சீலைக்குப் பக்கத்தில், மர ஷெல்ஃபில் வைக்காதீங்க. பக்கத்தில் ஒரு ஸ்மோக் அலாரமும், கார்பன் டை ஆக்ஸைடு அல்லது ஏபிசி பவுடர் வகை தீயணைப்பானும் இருக்கட்டும். புகை வந்தால் முதல் வேலை மெயினை ஆஃப் பண்ணுவது. தண்ணீர் ஊற்றவே கூடாது. உங்கள் கைக்கு மீறிப் போகிறது என்று தோன்றினால், ரிக்கைக் காப்பாற்ற நினைக்காமல் எல்லோரையும் கூட்டிக்கொண்டு வெளியே வந்து 101-க்கு போன் பண்ணுங்க.

அடுத்த தடவை ரைசர் வாங்கக் கடைக்குப் போனால், 'இது என் கார்டுக்குப் பொருந்துமா?' என்று மட்டும் கேட்காதீங்க. 'இந்த ஒயர் எத்தனை ஆம்பியர் தாங்கும்?' என்று சேர்த்துக் கேளுங்க. பதில் வராவிட்டால், அடுத்த கடைக்குப் போயிடுங்க.