கடைவீதிக் கணக்கு – 6: மஞ்சப்பைக்குத் திரும்பிய மரியாதை

பிளாஸ்டிக் பை நம் கடைவீதியைப் பிடித்ததற்கு மலிவு, எடை குறைவு, நனையாத தன்மை என்று சென்ற வாரம் காரணங்களை அடுக்கினோம். விட்டுப்போன ஒன்று உண்டு: கௌரவம்.

கல்யாண வீட்டில் தேங்காய், வெற்றிலை பாக்கு போட்டுக் கொடுத்த மஞ்சள் துணிப்பை, மணமக்கள் பெயர் மங்கும்வரை சந்தைக்கும் ரேஷன் கடைக்கும் போய்வந்தது. அதைச் சூழல் சேவை என்று யாரும் சொல்லிக்கொண்டதில்லை. நல்ல துணியைத் தூக்கிப்போட மனம் வராது, அவ்வளவுதான். அதே பை பட்டணத்துப் பேருந்தில் ஏறியதும் கேலிப்பொருளானது. கிராமத்து அப்பாவியைக் காட்ட சினிமாவுக்கு ஒரு மஞ்சப்பை போதுமாக இருந்தது. ஜவுளிக்கடை கவரைப் பிடித்தவர் நாகரிகமானவர் ஆனார். துணிப்பையைப் பரணில் ஏற்றியதில் பிளாஸ்டிக்கின் மலிவுக்கு எவ்வளவு பங்கோ, நம் வெட்கத்துக்கும் அவ்வளவு பங்கு.

2019 ஜனவரி 1 முதல், ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் 14 வகை பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தமிழகத்தில் தடை. அபராதம் வந்தது, "கவர் இல்லையாண்ணே?" என்ற கேள்வி நிற்கவில்லை. இல்லையென்றால் ஆள் அடுத்த கடைக்குப் போய்விடுவார் என்பது கடைக்காரரின் பயம். 2021 டிசம்பரில் முதல்வர் மு.க. ஸ்டாலின் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கத்தைத் தொடங்கிவைத்தார். எந்தப் பை ஏளனத்துக்கு ஆளானதோ அதையே சின்னமாக எடுத்ததுதான் இதில் கெட்டிக்காரத்தனம். சட்டம் கடைக்காரரைக் கண்டித்தது. இந்த இயக்கம் வாங்குபவரின் வெட்கத்தைக் குறிவைத்தது. 2022இல் கோயம்பேடு சந்தையில், 10 ரூபாய் போட்டால் துணிப்பை தரும் இயந்திரமும் வந்தது.

ஆனால் பெருமை மட்டும் போதுமா? நீலகிரியைப் பாருங்கள். காட்டில் வீசப்படும் மதுபாட்டில்கள் உடைந்து யானைகளின் காலைக் கிழித்தன. விஷயம் சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது. 2022 மே மாதம் முதல் அங்கே டாஸ்மாக் கடைகளில் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைக் கொடுத்தால் திருப்பித் தருகிறார்கள். யானைகள்மீது பிறந்த கருணை செய்யாததைப் பத்து ரூபாய் செய்தது. சோடா பாட்டிலுக்கு முன்பணம் கட்டி, பழைய பேப்பரை எடைக்குப் போட்டு வளர்ந்த ஊர் நம்முடையது; அந்தக் கணக்கு யாருக்கும் புதிதில்லை.

ஆக, பண்பாடு பழக்கத்துக்கு வழிதிறக்கும். காசும் வசதியும்தான் அந்தப் பழக்கத்தை நிலைக்கவைக்கும்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. இன்றைய தாம்பூலப் பைகளில் பல, துணிபோலத் தோன்றும் பாலிபுரொப்பிலீன். அதாவது பிளாஸ்டிக்கேதான். அசல் பருத்திப் பையும் பலமுறை கடைக்குப் போய்வந்தால்தான், பருத்தி குடித்த தண்ணீருக்கு நியாயம் கிடைக்கும். உங்கள் வீட்டு விசேஷத்துக்குப் பை அடிக்கும்போது கெட்டித் துணியாக, அழுத்தமான தையலாகக் கேளுங்கள். பெயரைச் சின்னதாக அச்சிடுங்கள். வாங்கிப் போகிறவர் கூச்சமில்லாமல் கடைக்கு எடுத்துப்போவார்.

அடுத்த வாரம்: ஓட்டல் பார்சலும் வீட்டுத் தூக்குவாளியும்.

(தொடரும்)