கண்ணகி: காப்பியத்தில் ஒரு முடிவு, கேரளப் பாட்டில் மற்றொரு முடிவு

கொழிஞ்சாம்பாறை: பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தில் உள்ள கொழிஞ்சாம்பாறையிலும் இடுக்கி மலைப்பகுதியிலும் தமிழ் பேசும் மக்கள் பெருமளவில் வாழ்கின்றனர். இவர்களுக்குக் கண்ணகி சிலப்பதிகாரத்தின் தலைவி. ஆனால் கேரளக் கோயில் பாட்டுகளில் அதே கண்ணகியின் கதை வேறு விதமாக முடிகிறது. பாண்டிய மன்னன் எவ்வாறு இறந்தான் என்பதில்தான் இரண்டும் பிரிகின்றன.

இளங்கோவடிகள் இயற்றியதாகக் கருதப்படும் காப்பியத்தின் வழக்குரை காதையில், கண்ணகி அரசவையில் சிலம்பை உடைத்து, கோவலன் கள்வன் அல்லன் என்பதை நிறுவுகிறாள். அரசியின் சிலம்பில் இருந்தவை முத்துகள். உடைந்த சிலம்பிலிருந்து தெறித்ததோ மாணிக்கம். தன் தீர்ப்பு தவறியதை உணர்ந்த மன்னன், அரியணையிலேயே உயிர் துறக்கிறான்.

திருவனந்தபுரம் ஆற்றுக்கால் பகவதி கோயிலில் பொங்கல் விழாவையொட்டிப் பாடப்படும் தோற்றம் பாட்டில், மன்னன் தானாக இறப்பதில்லை. தேவியே அவனைக் கொல்கிறாள். அப்பகுதி பாடப்பட்ட பின்னரே பொங்கல் அடுப்புகளில் தீ மூட்டப்படுகிறது. அங்கு திரளும் லட்சக்கணக்கான பெண்கள் கொண்டாடுவது இந்தக் கண்ணகியைத்தான்.

தமிழகத்தில் கண்ணகி நெடுங்காலமாகக் கற்பின் அடையாளமாகவே முன்னிறுத்தப்பட்டாள். அக்காரணத்துக்காகவே சிலப்பதிகாரத்தைப் பெரியார் கடுமையாக விமர்சித்தார். எனினும் காப்பியத்தின் பதிகம் கூறும் மூன்று கருத்துகளில் முதலாவது, நெறி தவறிய அரசுக்கு அறமே கூற்றுவனாகும் என்பதாகும். பத்தினியின் சிறப்பு அடுத்ததாகவே இடம்பெறுகிறது. கண்ணகியைக் கற்பு என்ற ஒரே சொல்லில் அடக்குவோர் இந்த வரிசையைக் கவனிப்பதில்லை.

அதிகம் பேசப்படாத மற்றொரு பெண், சேரன் செங்குட்டுவனின் அரசி வேண்மாள். கணவனோடு உயிர்நீத்த பாண்டிமாதேவி, சினத்துடன் சேரநாட்டுக்கு வந்த கண்ணகி ஆகிய இருவரில் வியத்தற்குரியவர் யார் என மன்னன் அவளிடம் வினவுகிறான். பாண்டிமாதேவிக்கு வானுலகில் சிறப்புக் கிட்டட்டும், நம் நாட்டுக்கு வந்தவளையே நாம் வழிபட வேண்டும் என்பது அவள் விடை. இமயத்திலிருந்து கல் கொணரும் முடிவு அதன் பின்னரே எடுக்கப்படுகிறது. ஆயினும் கண்ணகியை முதலில் தெய்வமாகக் கொண்டவர்கள் மன்னனும் அரசியும் அல்லர். வேங்கை மர நிழலில் அவளைக் கண்ட மலைக்குறவர்களே குரவையாடி வழிபட்டதாகக் காப்பியம் கூறுகிறது.

அந்த மலை, குமுளி அருகே பெரியாறு புலிகள் காப்பகப் பகுதியில் மங்கலதேவி கண்ணகி கோயில் அமைந்துள்ள இடமே எனப் பக்தர்கள் நம்புகின்றனர். ஆண்டுக்கு ஒரு நாள், சித்ரா பௌர்ணமியன்று மட்டுமே அங்கு பக்தர்கள் அனுமதிக்கப்படுகின்றனர். இதற்கான ஏற்பாடுகளை இடுக்கி, தேனி மாவட்ட நிர்வாகங்கள் இணைந்து செய்து வருகின்றன.