‘வெஜ்’ மீ கோரெங்கில் இறால் இருக்குமா? இந்தோனேசிய நூடுல்ஸை வீட்டிலேயே செய்வது எப்படி?

இந்தோனேசியாவில் ஒரு சாப்பாட்டுக் கடை. மெனு கார்டில் ‘மீ கோரெங் சாயூர்’ என்று இருக்கிறது. மீ என்றால் நூடுல்ஸ். கோரெங் என்றால் எண்ணெயில் வறுத்தது. சாயூர் என்றால் காய்கறி. அப்போ இது சுத்த சைவம்தானே? அப்படிச் சொல்லிவிட முடியாது.

காய்கறி இருக்கிறது என்றுதான் அந்தப் பெயர் சொல்கிறது. வேறு எதுவும் இல்லை என்று சொல்லவில்லை. அரைத்துப் போடும் மசாலாவில் ‘தெராசி’ இருக்கலாம். இறாலை உப்புப் போட்டுப் புளிக்க வைத்துச் செய்யும் விழுது அது. ஊற்றுகிற சாஸ்களில் ஒன்று சிப்பியில் செய்த ஆய்ஸ்டர் சாஸாக இருக்கலாம். நடுவில் தெளிக்கும் தண்ணீர்கூட கோழி வேகவைத்த தண்ணீராக இருக்கலாம். மஞ்சளாகத் தெரியும் நூடுல்ஸ் மாவிலேயே பெரும்பாலும் முட்டை சேர்ந்திருக்கும்.

சைவம் சாப்பிடுபவர்களுக்கு இது மனசு சம்பந்தப்பட்ட விஷயம். இறால், நண்டு அலர்ஜி இருப்பவர்களுக்கு உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். சிலருக்குக் கொஞ்சம் இறால் விழுது உள்ளே போனாலே மூச்சுத்திணறல் வந்துவிடும். பாலி, ஜகார்த்தா பக்கம் போகிறவர்கள் ‘தன்பா’ என்ற ஒரு வார்த்தையை மனப்பாடம் செய்துகொள்வது நல்லது. ‘இல்லாமல்’ என்று அர்த்தம். தன்பா தெராசி, தன்பா உடாங் (இறால்), தன்பா தெலூர் (முட்டை), தன்பா சாவுஸ் தீராம் (ஆய்ஸ்டர் சாஸ்) என்று சொல்லிக் கேட்கலாம். ஆனால் கடுமையான அலர்ஜி உள்ளவர்கள் வார்த்தையை மட்டும் நம்பக் கூடாது. அதே கடாயில்தான் பத்து நிமிடத்துக்கு முன்பு இறால் வறுத்திருப்பார்கள்.

வீட்டில் செய்தால் இந்தத் தலைவலி இல்லை. இறால் விழுதும் கோழித் தண்ணீரும் இல்லாமல் அந்த ருசி வருமா என்றால், வரும். மீ கோரெங்கின் உயிர் அதில் இல்லை. ஒரு இனிப்பு சாஸிலும், அடுப்பின் சூட்டிலும்தான் இருக்கிறது.

கோதுமை விளையாத நாட்டில் கோதுமை நூடுல்ஸ்

நூடுல்ஸ் இந்தோனேசியாவுக்குத் தென்சீனாவிலிருந்து குடியேறியவர்களோடு வந்தது. ‘மீ’ என்ற சொல்லும் அவர்கள் பேசிய ஹொக்கியன் மொழியிலிருந்து வந்ததுதான். இதில் ஒரு வேடிக்கை, இந்தோனேசியா தன் கோதுமைத் தேவை கிட்டத்தட்ட முழுவதையும் இறக்குமதி செய்கிறது. அதனால்தான் 2022-ல் உக்ரைன் போர் தொடங்கி கோதுமை விலை ஏறியபோது, அங்கே நூடுல்ஸ் விலை பெரிய செய்தியானது.

அந்த அளவுக்குச் சாப்பிடுகிறார்கள். உடனடி நூடுல்ஸில் சீனாவுக்கு அடுத்த இடம் இந்தோனேசியாவுக்கு. ஆண்டுக்கு 1,400 கோடிக்கும் மேல் பாக்கெட்டுகள் அங்கே காலியாகின்றன. ‘இண்டோமீ’ மீ கோரெங் பாக்கெட்டைப் பலர் பார்த்திருப்பீர்கள். 1980-களின் தொடக்கத்தில் வந்த அந்த பாக்கெட்டால்தான் மீ கோரெங் என்ற பெயரே பல நாடுகளில் பரவியது. ஆனால் அதைச் செய்யும்போது யாரும் கடாயில் எதையும் வறுப்பதில்லை! வேகவைத்து, தண்ணீரை வடித்து, உள்ளே இருக்கும் மசாலாவையும் சாஸையும் கலந்தால் முடிந்தது. அவசரத்துக்கு ஓகே. தெருவில் கிடைக்கும் மீ கோரெங் வேறு சமாச்சாரம்.

இரவில் தள்ளுவண்டிக்காரர் கடாயிலோ மரக்கட்டையிலோ ‘தெக் தெக்’ என்று தட்டிக்கொண்டே வருவார். அந்தச் சத்தமே பெயராகி ‘மீ தெக்-தெக்’ ஆகிவிட்டது. ஜாவாவின் யோக்யகார்த்தா பக்கம் கரி அடுப்பில், ஒரு தடவைக்கு ஒரு தட்டு என்று வறுத்துத் தரும் கடைகள் பிரபலம். கூட்டம் நின்றால் நிற்கட்டும், பத்துப் பேருக்குச் சேர்த்து ஒரே கடாயில் போட மாட்டார்கள். இதற்கான காரணத்தைக் கீழே பார்ப்போம். வீட்டில் சொதப்பும் இடமும் அதுதான்.

மலேசியா, சிங்கப்பூர் போய் வந்தவர்கள் இந்த இடத்தில், “அது சிவப்பா, காரமா, உருளைக்கிழங்கெல்லாம் போட்டு இருக்குமே” என்று கேட்கலாம். அது மாமக் மீ கோரெங். தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் கடைகளில் உருவான வகை. ‘மாமக்’ என்ற சொல்லே நம்ம ‘மாமா’தான். அதில் மிளகாய் விழுதும் தக்காளி சாஸும் முன்னால் நிற்கும். இந்தோனேசிய வகையில் நிறம் பழுப்பு, முதலில் நாக்கில் படுவது இனிப்பு. இரண்டும் நல்லாத்தான் இருக்கும். இன்றைக்கு நாம் செய்யப்போவது இரண்டாவது.

கெச்சாப் மானிஸ்: கருப்பட்டி இருந்தால் போதும்

அந்த இனிப்பு சாஸின் பெயர் கெச்சாப் மானிஸ். மானிஸ் என்றால் இனிப்பு. (கெச்சாப் என்றதும் தக்காளி கெச்சப் நினைவுக்கு வருகிறதா? இரண்டு பெயரும் ஒரே குடும்பம்.) சீனாவிலிருந்து வந்த உப்பான சோயா சாஸில் ஜாவாக்காரர்கள் தங்கள் ஊர்ப் பனஞ்சர்க்கரையைச் சேர்த்துக் காய்ச்ச, அது தேன் மாதிரி கெட்டியான கருப்பு சாஸாக மாறியது.

நம்ம ஊர் ஃபாஸ்ட் ஃபுட் கடைகளில் ஊற்றும் சோயா சாஸ் வேறு, இது வேறு. சாதாரண சோயா சாஸை மட்டும் ஊற்றினால் நூடுல்ஸ் கறுக்கும், உப்புக் கரிக்கும், மீ கோரெங் ஆகாது. ‘டார்க் சோயா’ வாங்கினாலும் நிறம் வருமே தவிர அந்த இனிப்பு வராது.

பெரிய சூப்பர் மார்க்கெட்டிலும் ஆன்லைனிலும் கெச்சாப் மானிஸ் பாட்டில் கிடைக்கிறது. ஆனால் ஒரு தடவை செய்து பார்ப்பதற்கு அதை வாங்க வேண்டிய அவசியமே இல்லை. கருப்பட்டி இருக்கிறதே! இந்தோனேசியாவில் இதற்குப் பெரும்பாலும் தென்னையிலிருந்தும், ‘அரென்’ என்ற வேறொரு பனை இனத்திலிருந்தும் எடுக்கும் சர்க்கரையைப் போடுகிறார்கள். நம்ம பனைமரமும் அங்கே உண்டு. பெயர் ‘லொந்தார்’. கிழக்கே ரோட்டே, சாவு தீவுகளில் அதன் பதநீரைக் காய்ச்சிச் சர்க்கரை எடுக்கிறார்கள். பாலியில் பழைய நூல்களை எழுதி வைத்ததும் அந்த மரத்தின் ஓலையில்தான். ஓலைச்சுவடிக்கு அங்கே பெயரே லொந்தார். சரி, சமையலுக்கு வருவோம்.

100 கிராம் கருப்பட்டியைத் தட்டி, இரண்டு மூன்று டேபிள்ஸ்பூன் தண்ணீர் விட்டு சிறு தீயில் கரையுங்கள். கட்டாயம் வடிகட்ட வேண்டும், அடியில் மண் நிற்கும். வடிகட்டியதில் 100 மில்லி சாதாரண சோயா சாஸ், ஒரு அன்னாசிப்பூ, தட்டிய பூண்டு ஒரு பல். மறுபடியும் சிறு தீயில் 8 முதல் 10 நிமிடம். சூடாக இருக்கும்போது தண்ணியாகத்தான் தெரியும், ‘இன்னும் கெட்டியாகலையே’ என்று விட்டுவிடாதீர்கள். ஆறினால் கெட்டியாகும். அதிகம் காய்ச்சினால் கமர்கட் பதத்துக்குப் போய்விடும். ஸ்பூனின் பின்பக்கம் மெல்லிய படலமாக ஒட்டினால் இறக்கிவிடலாம்.

வெல்லத்திலும் செய்யலாம். ஆனால் கருப்பட்டியில் இருக்கும் அந்த லேசான புகை வாசம் வெல்லத்தில் கிடைக்காது. சர்க்கரை கலந்த போலிக் கருப்பட்டியாக இருந்தால் வெறும் இனிப்புதான் மிஞ்சும்.

ஒரு எச்சரிக்கை. சாதாரண சோயா சாஸ் ஒரு டேபிள்ஸ்பூனில் சுமார் 900 மில்லிகிராம் சோடியம் இருக்கிறது. உலக சுகாதார அமைப்பு பெரியவர்களுக்கு ஒரு நாள் முழுவதற்கும் சொல்லும் அளவே 2,000 மில்லிகிராமுக்குக் கீழேதான். எனவே நூடுல்ஸ் வேகவைக்கும்போதும் சரி, வறுக்கும்போதும் சரி, தனியாக உப்பு வேண்டவே வேண்டாம். பி.பி. இருப்பவர்கள் சாஸ் அளவையும் குறைத்துக்கொள்ளுங்கள். கருப்பட்டி ‘ஹெல்த்தி’ என்று நினைத்து சர்க்கரை நோயாளிகள் தாராளமாக ஊற்றவும் கூடாது. அதுவும் சர்க்கரைதான்.

மசாலாவும் காய்கறியும்

இந்தோனேசியச் சமையலில் அரைத்த மசாலாவுக்கு ‘பும்பு’ என்று பெயர். இரண்டு பேருக்கு சின்ன வெங்காயம் 6, பூண்டு 3 பல், ஊறவைத்த காய்ந்த மிளகாய் 2, வெள்ளை மிளகு அரை டீஸ்பூன், முந்திரி 3. அவ்வளவுதான். அங்கே முந்திரிக்குப் பதில் ‘கெமிரி’ என்ற எண்ணெய்ப் பசையுள்ள கொட்டையைப் போடுவார்கள். (கெமிரி கிடைத்தாலும் பச்சையாக வாயில் போட்டுப் பார்க்காதீர்கள். வேகாத கெமிரி வயிற்றைப் பதம் பார்த்துவிடும்.) பெரிய வெங்காயம் போடலாமா? போடாதீர்கள். அதில் தண்ணீர் அதிகம். சின்ன வெங்காயம்தான் அங்கேயும் பயன்படுத்துவது. மிக்ஸியில் தண்ணீர் விடாமல் கொரகொரப்பாக அரைக்க வேண்டும். அம்மி இருந்தால் இன்னும் நல்லது, அங்கேயும் கல்லில்தான் நசுக்குகிறார்கள்.

காய்கறியில் முட்டைக்கோஸ், கேரட், வெங்காயத்தாள், முளைப்பயறு, ஒரு கீரை. அந்தக் கீரைக்கு அங்கே ‘சாவி’ என்று பெயர். பூட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, கடுகு இனத்துக் கீரை. இங்கே பாக் சோய் கிடைத்தால் அதைப் போடலாம். கிடைக்காவிட்டால் முட்டைக்கோஸைக் கூட்டிக்கொள்ளுங்கள். பாலக் மட்டும் வேண்டாம், தண்ணீர் விட்டுக் கொழகொழவென்று ஆகிவிடும். குடைமிளகாயைப் போட்டால் தப்பில்லை, ஆனால் வாசனை நேராக நம்ம தெருமுனை ஃபாஸ்ட் ஃபுட் கடைக்குப் போய்விடும்.

முளைப்பயறு விஷயத்தில் ஒரு தகவல். அவர்கள் போடும் ‘தாவுகே’வும் நம்ம பச்சைப்பயறு முளைதான். நாம் சின்னதாக வால் விட்டதும் எடுத்துவிடுகிறோம், அவர்கள் விரல் நீளத்துக்கு வளர விடுகிறார்கள். நீளமான முளையை வறுவலின் கடைசியில் சேர்த்தால் போதும். வீட்டில் கட்டிய குட்டி முளை என்றால் கேரட்டோடு முதலிலேயே போட்டுவிடுங்கள், இல்லையென்றால் பச்சை வாசம் போகாது.

ஏன் கொழகொழன்னு ஆகுது?

நூடுல்ஸ் 200 கிராம் இரண்டு பேருக்குப் போதும். கடைகளில் ‘ஹக்கா நூடுல்ஸ்’ என்று விற்பது பெரும்பாலும் முட்டை இல்லாதது, ஆனாலும் பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்துவிடுங்கள். பாக்கெட்டில் சொன்ன நேரத்துக்கு ஒரு நிமிடம் முன்பே வடித்து, குளிர்ந்த தண்ணீரில் அலசி, ஒரு டீஸ்பூன் எண்ணெயில் பிரட்டி, அகலமான தட்டில் கால் மணி நேரம் பரப்பி வையுங்கள். இந்தக் கால் மணி நேரத்தைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். ஈரத்தோடு கடாய்க்குள் போகும் நூடுல்ஸ் வறுபடாது, மறுபடியும் வேகும். கழுவிய காய்கறிக்கும் இதே விதிதான்.

அடுத்தது அளவு. வீட்டு கேஸ் அடுப்பில் கடைக்காரரின் அடுப்பு அளவுக்கு வேகம் கிடையாது. நான்கு பேருக்கான நூடுல்ஸை ஒரே நேரத்தில் கொட்டினால் கடாயின் சூடு சட்டென்று இறங்கும். முட்டைக்கோஸ் விடும் தண்ணீர் ஆவியாகிப் போக முடியாமல் அடியிலேயே தேங்கும். பிறகென்ன, கிளறக் கிளற உப்புமாதான். அந்த யோக்யகார்த்தா கடைகள் ஒரு தடவைக்கு ஒரு தட்டு மட்டும் வறுப்பதில் விஷயம் இருக்கிறது. நான்கு பேர் என்றால் நான்கு தடவை வறுங்கள். எல்லாம் வெட்டித் தயாராக இருந்தால் ஒரு தட்டுக்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது.

இரும்புக் கடாய்தான் சிறந்தது. நான்-ஸ்டிக்கை இந்தச் சூட்டில் வைக்கக் கூடாது. கடாய் நன்றாகக் காய்ந்ததும் ஒரு தட்டுக்கு ஒன்றரை டேபிள்ஸ்பூன் எண்ணெய், அரைத்த மசாலாவில் பாதி. தீயைக் கொஞ்சம் குறைத்து, பச்சை வாசம் போய் எண்ணெய் பிரியும் வரை வதக்குங்கள். முட்டை சாப்பிடுபவர்கள் இப்போது ஒன்றை உடைத்து ஊற்றிக் கிளறிக்கொள்ளலாம். சாப்பிடாதவர்கள் பொரித்த டோஃபு போடலாம். பன்னீர் எனக்கென்னவோ இதில் ஒட்டவே இல்லை.

இனி தீயை முழுசாக வையுங்கள். கேரட், முட்டைக்கோஸ் ஒரு நிமிடம். பிறகு நூடுல்ஸ். இரண்டு புரட்டு புரட்டி, நூடுல்ஸ் கடாயில் லேசாக ஒட்டி ‘சர்’ரென்று சத்தம் வரும்போது, கெச்சாப் மானிஸ் இரண்டு டேபிள்ஸ்பூனை நூடுல்ஸ் மேல் ஊற்றாமல் கடாயின் ஓரத்தில் சுற்றி விடுங்கள். சூடான இரும்பில் பட்டதும் கருப்பட்டி கொதித்து லேசாகக் கருகும். தள்ளுவண்டிப் பக்கம் வரும் வாசனை அதுதான். இதற்கு மேல் ஒரு நிமிடம்தான் அவகாசம், தாமதித்தால் கசந்துவிடும். அடிபிடித்தால் ஒரு ஸ்பூன் தண்ணீர் தெளிக்கலாம். கீரை, நீள முளை, வெங்காயத்தாள் போட்டு அரை நிமிடம் புரட்டி இறக்கிவிடுங்கள்.

மேலே பொரித்த சின்ன வெங்காயம் தூவ வேண்டும். இது அலங்காரம் இல்லை, கட்டாயம். ஓரத்தில் ‘ஆச்சார்’ வைப்பார்கள். வெள்ளரி, கேரட், சின்ன வெங்காயத்தை வினிகரிலும் கொஞ்சம் சர்க்கரையிலும் ஊறவைத்தது. இலங்கைத் தமிழர்கள் ‘அச்சாறு’ என்று சொல்வதற்கு உறவு. சாஸின் இனிப்பு திகட்டாமல் இருக்க இந்தப் புளிப்பு வேண்டும், அரை மணி நேரம் முன்பே ஊறவைத்தால் சரியாக இருக்கும். நொறுக்க ‘கெருப்புக்’ என்ற அப்பளம் உண்டு. அதிலும் பிரபலமான வகை இறால் சேர்த்ததுதான், சைவக்காரர்கள் நம்ம அரிசி அப்பளத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். மேலே முட்டை வைப்பது என்றால் அங்கே அதற்குப் பெயர் ‘தெலூர் மாத்தா சாப்பி’, அதாவது மாட்டுக் கண் முட்டை. நம்ம ஆஃப் பாயில்தான்.

மீந்துபோன நூடுல்ஸை வெளியிலேயே வைத்திருக்காமல் இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வைத்து, மறுநாள் சூடான கடாயிலேயே புரட்டிச் சாப்பிடுங்கள். மீதி சாஸைக் கண்ணாடி பாட்டிலில் ஊற்றி ஃப்ரிட்ஜில் வைத்தால் இரண்டு மூன்று வாரம் தாங்கும். பழைய சாதம் இருக்கும் ஒரு நாளில் இதே மசாலா, இதே சாஸ், நூடுல்ஸுக்குப் பதில் சாதம். அதுதான் நாசி கோரெங்.