வயிறு எங்கே இருக்கிறது?

படிவம் 2-இல் செரிமானப் பாடத்தைத் தொடங்கும்போது, "வயிற்றைத் தொட்டுக் காட்டுங்கள்" என்று மாணவர்களிடம் சொல்வேன். ஏறக்குறைய எல்லாக் கைகளும் தொப்புளுக்குப் போகும். நீங்களும் இப்போது தொட்டுப் பாருங்கள்.

தொப்புளைத் தொட்டீர்களா? பேச்சுத் தமிழில் அது சரிதான். விலா எலும்புக்குக் கீழிருந்து இடுப்புவரை எல்லாமே நமக்கு வயிறு. ஆனால், சாப்பிட்ட உணவு போய்ச் சேரும் பை அங்கே இல்லை. அதன் பெயர் இரைப்பை. அது மேலே, பெரும்பாலும் இடப்பக்கமாக, கீழ் விலா எலும்புகளுக்கு அடியில் இருக்கிறது. தொப்புளுக்குப் பின்னால் சுருண்டு கிடப்பது சிறுகுடல்.

தமிழ்ப்பள்ளியில் 'இரைப்பை' என்று படித்துவிட்டு இடைநிலைப்பள்ளிக்கு வந்தால், மலாய்ப் பாடநூல் அதை 'பெருட்' என்கிறது. மலாய்ப் பேச்சிலோ முழு வயிறும் பெருட்தான். குழப்பம் உங்கள் தவறல்ல.

நாம் பேசும் விதத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். நாசி கண்டார் கடையில் 'வயிறு முட்ட' சாப்பிடும்போது முட்டுவது உண்மையிலேயே இரைப்பை. ஒரு லிட்டருக்கு மேலும் அது விரிந்து கொடுக்கும். 'வயிற்றுப்போக்கு' குடலின் கோளாறு. 'வயிற்றில் பிள்ளை' வளர்வது கருப்பையில். 'நெஞ்செரிச்சல்' இரைப்பை அமிலம் உணவுக்குழாய்க்குள் மேலேறுவதால் வருகிறது. பாவம், பழி நெஞ்சுக்கு. 'வயிற்றெரிச்சல்' மட்டும் பக்கத்து வீட்டுக்காரர் புதுக் கார் வாங்கினால் வருவது. அதற்கு மருந்தில்லை.

தேர்வுத் தாளைக் கண்டதும் 'வயிற்றில் புளியைக் கரைக்கும்' என்கிறோமே, அது வெறும் பேச்சல்ல. 1822-இல் அமெரிக்காவின் மெக்கினாக் தீவில் அலெக்சிஸ் சென்ட் மார்ட்டின் என்பவர்மீது துப்பாக்கிக் குண்டு பாய்ந்தது. உயிர் பிழைத்தார், ஆனால், இரைப்பைவரை போன துளை மூடவே இல்லை. மருத்துவர் வில்லியம் பியூமண்ட் உணவுத் துண்டுகளைப் பட்டு நூலில் கட்டி அந்தத் துளைவழியே உள்ளே விட்டு, வெளியே இழுத்து, எவ்வளவு கரைந்திருக்கிறது என்று பார்த்தார். சென்ட் மார்ட்டினுக்குக் கோபம் வந்தபோது செரிமானம் கெட்டதையும் கவனித்தார். 1833-இல் இவற்றைப் புத்தகமாக வெளியிட்டார்.

இனி என் கதை. படிவம் 4 படித்தபோது ஓர் இரவு தொப்புளைச் சுற்றி வலித்தது. "வயிறு வலிக்குதும்மா" என்றேன். "கேஸ்ட்ரிக்காத்தான் இருக்கும்" என்று அம்மா மாத்திரை கொடுத்து, மருந்தெண்ணெயும் தேய்த்துவிட்டார். விடியும்போது வலி வலது அடிவயிற்றுக்கு இறங்கியிருந்தது. வாந்தி வேறு. நிமிர்ந்து நடக்க முடியவில்லை. அன்று மதியமே குடல்வால் அறுவை சிகிச்சை நடந்தது.

குடல்வால் இருப்பது வலது அடிவயிற்றில். பிறகு ஏன் முதலில் தொப்புளில் வலிக்கிறது? குடல்வாலின் நரம்புகளும் தொப்புள் பகுதித் தோலின் நரம்புகளும் தண்டுவடத்தில் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் சேர்கின்றன. மூளையால் பிரித்தறிய முடிவதில்லை. அழற்சி பரவி வயிற்றின் உட்சுவரைத் தொட்ட பிறகே வலிக்குச் சரியான 'முகவரி' கிடைக்கிறது. எல்லாருக்கும் இதே வரிசையில் வராது. ஆனால், 10 முதல் 30 வயதுக்குள்தான் இந்நோய் அதிகம் வருகிறது. உங்கள் வயதும் அதில் அடக்கம்.

அதனால் மருத்துவரிடம் "வயிற்று வலி" என்பதோடு நிறுத்தாதீர்கள். ஒரு விரலால் இடத்தைக் காட்டுங்கள். எப்போது தொடங்கியது, எங்கிருந்து எங்கே நகர்ந்தது, காய்ச்சலோ வாந்தியோ உண்டா என்று சொல்லுங்கள். வலி வலது அடிவயிற்றுக்கு நகர்ந்து கூடிக்கொண்டே போனால், வீட்டில் பேதி மருந்து எதுவும் குடிக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.