ஒரு முற்றம், பல வாசல்கள்
முதியோருக்கான கூட்டுக் குடியிருப்பு பற்றிய ஒரு விளக்கம்

முன்னர் வன்னியில் ஒரு வளவுக்குள்ளேயே பெற்றோர், மணமுடித்த பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் எனப் பலரும் வாழ்ந்தனர். கிணறு ஒன்று, முற்றம் ஒன்று. அடுப்பு மட்டும் வெவ்வேறு. போரும் இடப்பெயர்வும் இந்த அமைப்பைக் குலைத்துவிட்டன. 2009 மே மாதத்தில் போர் முடிந்து, 2012 செப்டெம்பரில் செட்டிகுளம் மெனிக்பாம் முகாம் மூடப்பட்டபோது, முதியோர் பலர் தனியாகவே மீளக்குடியமர நேர்ந்தது. சிலரது பிள்ளைகள் உயிரோடில்லை. சிலரது பிள்ளைகள் வெளிநாட்டில். இன்னும் சிலருக்குச் சொந்தக் காணியே திரும்பக் கிடைக்கவில்லை.

2012 முதல் இந்திய வீட்டுத்திட்டத்தில் புதிய வீடொன்றுக்கு 550,000 ரூபா வழங்கப்பட்டது. சுவரும் கூரையும் எழுந்தன. ஆனால் இரவில் காய்ச்சல் வந்தால் சுடுதண்ணீர் வைத்துத் தர ஓர் ஆள் வேண்டுமே! அதை எந்த வீட்டுத்திட்டமும் தருவதில்லை. தனிமையில் கிடப்பது, அல்லது முதியோர் இல்லத்துக்குப் போவது என இரண்டே வழிகள்தான் உண்டென எமது மக்கள் நினைக்கின்றனர். மூன்றாவது வழியும் உண்டு.

கூட்டுக் குடியிருப்பு என்றால் என்ன?

ஒவ்வொருவருக்கும் தனித்தனிச் சிறு வீடு. தனிக் கதவு, தனிப் பூட்டு. அவற்றுக்கு நடுவே பொது முற்றம், பொதுக் கிணறு, பொதுச் சமையலறை. நிர்வாகம் வெளியாரிடம் அல்ல, அங்கு வாழ்பவர்களிடமே இருக்கும். முதியோர் இல்லத்துக்கும் இதற்கும் உள்ள முக்கிய வேறுபாடு இதுவே.

டென்மார்க் நாட்டில் 1972இல், கோபன்ஹேகன் நகருக்கு வடக்கே 27 குடும்பங்கள் சேர்ந்து இவ்வாறான குடியிருப்பொன்றைத் தொடங்கின. 1987இல் அந்நகரிலேயே முதியோருக்கென ஒன்று உருவானது. இலண்டனில் வயதான பெண்கள் சிலர் 1998இல் இதே நோக்குடன் ஒன்றுகூடினர். அவர்கள் 25 வீடுகள் கொண்ட தமது குடியிருப்பில் குடிபுகுந்ததோ 2016இல்தான். காணி தேடுவதிலும் அனுமதி பெறுவதிலும் பதினெட்டு ஆண்டுகள் கழிந்தன. உடம்பில் தெம்பு இருக்கும்போதே தொடங்க வேண்டும் என்பது இதிலிருந்து நாம் பெறும் பாடம்.

எமக்கு அண்மையிலும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 2004 ஆழிப்பேரலைக்குப் பின்னர், தமிழ்நாட்டின் கடலூர் மாவட்டத்தில் ஹெல்ப்ஏஜ் இந்தியா நிறுவனம் தாமரைக்குளம் முதியோர் கிராமத்தை அமைத்தது. ஆதரவற்ற முதியோர் சுமார் நூறு பேருக்கென அமைந்த கிராமம் அது. இதனை ஒரு நிறுவனமே நடத்துவதால் முழுமையான கூட்டுக் குடியிருப்பு என்று சொல்ல இயலாது. எனினும் அன்றாட வேலைகளை முதியோரே தமக்குள் பகிர்ந்து கொள்கின்றனர். வயதானவரும் பொறுப்பேற்க முடியும் என்பதற்கு அது சான்று.

வன்னியில் எவ்வாறு செய்யலாம்?

பெரிய திட்டம் தேவையில்லை. நான்கு அல்லது ஐந்து முதியோர் போதும். கவனிக்க வேண்டியவை மூன்று.

முதலாவது, காணி. எமது பகுதியில் பெரும்பாலான காணிகள் 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்கீழ் வழங்கப்பட்ட பேர்மிற் காணிகள். இவற்றை விரும்பியபடி துண்டாடவோ கைமாற்றவோ இயலாது. பிரதேச செயலாளரின் அனுமதி வேண்டும். ஆகவே ஒருவரின் பேர்மிற் காணியில் மற்றவர்கள் வீடு கட்டினால், காணிக்காரர் இறந்தபின் பின்னுரித்தாளர் வந்து "எழும்புங்கோ" என்று சொல்லக்கூடும். வாய்ப்பேச்சை நம்பி அத்திவாரம் வெட்ட வேண்டாம். பதிவுபெற்ற சங்கமொன்றின் பெயரில் பொதுக் காணி கேட்டுப் பிரதேச செயலகத்துக்கு விண்ணப்பிப்பதே பாதுகாப்பான வழி.

இரண்டாவது, கட்டட அமைப்பு. கதவுகள் முற்றத்தைப் பார்த்திருக்கட்டும். காலையில் ஒரு கதவு திறக்காவிட்டால் அயலவருக்கு உடனே தெரியவேண்டும். படிகளுக்குப் பதிலாகச் சரிவுப் பாதை அமைத்தல், மலசலகூடத்தில் பிடித்தெழும்பக் கம்பி பூட்டுதல், கிணற்றுக்கட்டைச் சுற்றி வழுக்காத நிலம் இடுதல் ஆகியவை அதிக செலவின்றிச் செய்யக்கூடியவை.

மூன்றாவது, ஒழுங்குவிதிகள். பொதுச் செலவுக்கு மாதம் எவ்வளவு? சமையல் முறை எப்படி? ஒருவர் பாயில் விழுந்தால் யார் பார்ப்பது, எவ்வளவு காலம் பார்ப்பது? ஒருவர் இறந்தால் அந்த வீட்டில் அடுத்து வருவது யார் என்பதைத் தீர்மானிப்பது எவர்? இவற்றை முன்கூட்டியே பேசி எழுதிக் கையொப்பமிட வேண்டும். கூடி நிதி சேர்த்துக் கணக்கு வைப்பது எமக்குப் புதிதல்ல. மரண உதவிச் சங்கங்களை நாம் நடத்தி வருகின்றோம். சாவுக்கு உதவும் அதே ஒழுங்கை வாழ்வுக்கும் பயன்படுத்தலாம்.

பிள்ளைகளின் கடமை

இம்முறை பிள்ளைகள் தம் பொறுப்பைத் தட்டிக்கழிக்க ஒரு சாட்டாகிவிடக் கூடாது. 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், பெற்றோரைப் பராமரிப்பது பிள்ளைகளின் கடமை என்கிறது. தம்மைத் தாமே பராமரிக்க இயலாத பெற்றோர், அச்சட்டத்தின்படி அமைந்த பராமரிப்புச் சபையிடம் முறையிடலாம். வெளிநாட்டிலுள்ள பிள்ளைகளும், தாய் தந்தையருக்கு மாடிவீடு கட்டிப் பூட்டி வைப்பதைவிட, அந்தப் பணத்தில் ஒரு பகுதியை இவ்வாறான பொதுமுற்றத்துக்கு வழங்குவது பயன்தரும்.

கூட்டுக் குடியிருப்பு எல்லோருக்கும் ஒத்துவராது. நீண்டகாலம் படுக்கையிலிருப்பவருக்கும், ஞாபகம் முற்றாகத் தவறியவருக்கும் பயிற்சி பெற்ற பராமரிப்பு தேவை. ஆனால் நடமாடக்கூடிய, தன் கையால் சமைக்கக்கூடிய, பேச்சுத்துணை மட்டும் இல்லாத எத்தனையோ பேர் எமது கிராமங்களில் உள்ளனர். உங்கள் கிராமத்தில் தனித்து வாழும் முதியோர் எத்தனை பேர்? அடுத்த முதியோர் சங்கக் கூட்டத்தில் அவர்களது பெயர்களை எழுதுங்கள். அவர்களில் யார் யாருடன் அயலில் இருக்க விரும்புகின்றனர் என்பதை அவர்களிடமே கேளுங்கள். காணி பற்றிய பேச்சை அதன் பின்னர் தொடங்கலாம்.