உவர்நிலத்து நுண்ணுயிர்

சிதம்பரத்துக்குக் கிழக்கே, வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே அமைந்தது பிச்சாவரம். சுரபுன்னையும் தில்லையும் அடர்ந்த அக்கழிக்காட்டுக்கு ஒருமுறை மாணவர்களை அழைத்துச் சென்றிருந்தேன். நீர் வடிந்த சேற்றில் நெற்பயிர் போன்ற புல்லொன்று பசுமையாக நின்றது. “ஐயா, உப்புநீர் ஏறினால் எங்கள் வயல் கருகிவிடுகிறது. இது மட்டும் எவ்வாறு பிழைக்கிறது?” என்று ஒரு மாணவன் வினவினான்.

அது நெல்லுக்கு உறவான காட்டுநெல். உட்புகும் உப்பை இலைச் சுரப்பிகளின் வழியே வெளியேற்றிவிடும். ஆனால் உப்பைத் தள்ளினால் மட்டும் போதுமா? உணவு வேண்டாவா?

பயிருக்கு இன்றியமையாதது தழைச்சத்தாகிய நைட்ரஜன். காற்றில் 100-க்கு 78 பங்கு அதுவே. எனினும் அதன் அணுக்கள் இரண்டிரண்டாக இறுகப் பிணைந்திருத்தலால், பயிர் அதனை நேரே உட்கொள்ள இயலாது. சில நுண்ணுயிர்களே அப்பிணைப்பை அவிழ்த்து, அம்மோனியாவாக மாற்ற வல்லவை. பயறு வகைகளின் வேர்முடிச்சுகளில் வாழும் அத்தகைய நுண்ணுயிரை 1888-இல் டச்சு அறிஞர் பெய்ஜரிங்க் பிரித்தெடுத்தார். நெல்லுக்குப் பின் உளுந்து விதைக்கும் நம் உழவர் பெறும் பயன்களுள் ஒன்று இந்நுண்ணுயிரால் விளைவதே.

நெல்லினத்துக்கு வேர்முடிச்சு இல்லை. ஆயினும் வேரையொட்டி வாழும் துணைவர் உண்டு. பிச்சாவரத்துக் காட்டுநெல்லின் வேரிலும் தண்டிலும் அத்தகைய ஒன்றைக் கண்டறிந்து, சென்னை எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் லோகநாதன், சுதா நாயர் ஆகியோர் 2004-இல் அறிவித்தனர். ‘சுவாமிநாதனியா சாலிடாலரன்ஸ்’ என்பது அவர்கள் இட்ட பெயர். இரண்டாம் சொல்லுக்கு ‘உப்பைத் தாங்குவது’ என்று பொருள். 100-க்கு 3 பங்கு உப்பிலும் வளரும் இந்நுண்ணுயிர், காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்துத் தருகிறது. மண்ணில் கரையாது கிடக்கும் மணிச்சத்தையும் கரைக்கிறது.

அவ்வாண்டு டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை இக்கரையைத் தாக்கியது. அலையின் வேகத்தைக் கழிக்காடு தணித்தது. எனினும் கடலோர வயல்கள் பலவற்றில் உப்பு படிந்தது. நுண்ணுயிர் அவ்வுப்பை நீக்கிவிடும் என்று எண்ணலாகாது. அதனைக் கழுவ மழையும் ஆற்றுநீருமே வேண்டும். எஞ்சிய உவரிலும் பயிருக்கு உணவூட்ட உதவக்கூடியவை இத்தகைய நுண்ணுயிர்கள்.

உழவர் இன்று விதைநெல்லில் கலக்கும் அசோஸ்பைரில்லமும் இவ்வகை உதவியாளனே. அது உயிருள்ள பொருள். வெயிலில் வைத்தாலும், பூச்சிமருந்தோடு கலந்தாலும் மடியும். தொழு உரமிட்ட மண்ணில் செழிக்கும்.

மாணவர்களே! கழிக்காட்டை அழித்தால் மரங்கள் மட்டுமா அழியும்? அச்சேற்றில் நாம் இன்னும் பெயரிட்டறியாத துணைவர்களும் உடன் அழிவர். அவர்களை இழந்தபின், கருகிய வயலுக்கு யாரிடம் உதவி கேட்போம்?