வெள்ளையாகத் தெரியும் முதுகெலும்பு

எங்கள் தருமபுரி மாவட்டத்தில் ஒருவர் முதுகு வலிக்கிறது, கால் இழுக்கிறது என்றால், "எல்லாம் தண்ணீர் செய்கிற வேலை" என்று பக்கத்து வீட்டுக்காரரே சொல்லிவிடுவார். அதில் உண்மையும் உண்டு. இங்குள்ள பல கிணறுகளின் நீரில் புளோரைடு மிகுதி. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. அதைவிட மிகவும் கூடுதலாக உள்ள நீரைப் பல்லாண்டு குடித்தால் எலும்பு தடிக்கும், மூட்டுகள் விறைக்கும். 2013இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் காவிரி நீரைக் கொண்டுவந்தது. ஆயினும் எலும்பில் முன்பே சேர்ந்துவிட்ட புளோரைடு எளிதில் வெளியேறுவதில்லை.

இதே வலியுடன் வேறொரு நோயும் வரலாம். அதுதான் புராஸ்டேட் புற்றுநோய். ஆண்களின் சிறுநீர்ப்பைக்குக் கீழே பெரிய நெல்லிக்காய் அளவில் இருக்கும் சுரப்பி இது. சிலருக்கு அங்கே எந்தத் தொந்தரவும் தெரியாமலே நோய் பரவி, முதல் அறிகுறியே முதுகுவலியாக இருந்துவிடுகிறது.

சுரப்பி எங்கே, முதுகெலும்பு எங்கே? 1940இல் ஆஸ்கார் பேட்சன் என்ற அமெரிக்க உடற்கூற்றியல் அறிஞர் ஒரு வழியைக் காட்டினார். இடுப்புப் பகுதியின் சிரைகள் முதுகெலும்பைச் சுற்றியுள்ள சிரை வலையோடு இணைந்துள்ளன. அந்த வலையில் வால்வுகள் இல்லை. இருமும்போதும் முக்கும்போதும் வயிற்றுக்குள் அழுத்தம் கூடுகிறது. அழுத்தம் மிகுந்த இடத்திலிருந்து குறைந்த இடத்துக்குப் பாய்வதுதானே திரவத்தின் இயல்பு? இரத்தம் முதுகெலும்புப் பக்கம் தள்ளப்படுகிறது. புற்றணுக்களும் அதனுடன் போகலாம்.

எலும்பை அடைந்தபின் பல புற்றுநோய்கள் அதை அரிக்கும்; எக்ஸ் கதிர்ப் படத்தில் அந்த இடம் கருமையாகத் தெரியும். புராஸ்டேட் புற்றோ பெரும்பாலும் எலும்பைத் தாறுமாறாக வளரச் செய்கிறது. ஆகவே வெள்ளைத் திட்டுகள் தெரியும். புளோரைடு ஏறிய எலும்பும் வெள்ளைதான்! கதிர் எவ்வளவு உறிஞ்சப்பட்டது என்பதைத்தான் படம் சொல்லும். அது யார் செய்த வேலை என்று சொல்லாது. முன்கையின் இரண்டு எலும்புகளுக்கிடையே உள்ள சவ்வும் கடினப்பட்டிருந்தால் மருத்துவர் புளோரைடைச் சந்தேகிப்பார். ஆனால் ஒருவருக்கே இரண்டும் இருக்கலாமே! அதனால்தான் பி.எஸ்.ஏ. என்னும் இரத்தச் சோதனையும், தேவைப்பட்டால் திசுவை எடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பதும்.

முதுகுவலி என்று மருத்துவரிடம் போவோரில் 100க்கு ஒருவருக்குக்கூடப் புற்றுநோய் இருப்பதில்லை. வீணாக அஞ்ச வேண்டாம். ஆனால் வயது 50ஐக் கடந்து, படுத்தாலும் அடங்காத வலி இரவில் எழுப்பினால், உடலும் மெலிந்தால், தண்ணீரின்மேல் பழியைப் போட்டு உட்கார்ந்திருக்கக் கூடாது. கால் வலுவிழந்தாலோ, மரத்துப்போனாலோ, சிறுநீர் அடைபட்டாலோ, தண்டுவடம் நெரிபடுகிறது என்று பொருளாகலாம். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இவ்வளவு பாடுபட்டுப் பிரித்தறிவது எதற்கு? புளோரைடால் தடித்த எலும்பைப் பழையபடி ஆக்க மருந்தில்லை. புராஸ்டேட் புற்றை, பரவிய பின்னும் கட்டுப்படுத்த முடியும். ஆண் ஹார்மோனைத் தடுத்தால் அது ஒடுங்குகிறது என்று 1941இல் சார்லஸ் ஹகின்ஸ் காட்டினார். 1966இல் நோபல் பரிசும் பெற்றார். இன்றைய சிகிச்சைக்கும் அதுவே அடிப்படை. நோய் முற்றிலும் நீங்காவிட்டாலும், வலியால் படுக்கையில் கிடந்த பலர் அதனால் எழுந்து நடமாடியிருக்கிறார்கள்.